பெண் விவசாயிகளுக்கான பயிற்சி வீடியோ: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். நெல் விதைத் தேர்வு பற்றி ஒரு சின்ன பயிற்சி வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறோம். பயிற்சிக்கான அழைப்பு பெரும்பாலும் நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் போகிறது. விதையைப் புடைத்து, காயவைத்து, பத்திரப்படுத்துவதோ வீட்டுப் பெண்கள். போய்வந்தவர் வீட்டில் சொல்வது பாதிதான், அதுவும் ஞாபகம் இருந்தால்!

எடுத்தவரை உப்புக் கரைசல் காட்சி நன்றாக வந்திருக்கிறது. முட்டை மிதக்கும் வரை தண்ணீரில் உப்பைக் கரைத்து, விதையைக் கொட்டிக் கலக்கி, மிதக்கும் பதரை அள்ளிவிட்டு, அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் அலசுகிறார்கள். ஆனால் கை பெண்ணுடையது, விளக்கும் குரல் ஆணுடையது. எனக்கு உறுத்துகிறது. அந்தப் பெண்ணையே பேச வைக்கலாம் என்கிறேன். ஆண்கள் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள் என்று எங்களுக்குள்ளேயே சிலர் தயங்குகிறார்கள்.

உகாண்டாவில் மக்காச்சோள விவசாயிகளிடம் நடந்த ஆய்வில், வீடியோவை மனைவிக்குத் தனியாகக் காட்டியபோது அவருடைய அறிவும், முடிவெடுப்பதில் அவர் பங்கும் கூடியது. அதனால்தான் கேட்கிறேன்: நீங்கள் தம்பதியாக உட்காரவைத்துக் காட்டினீர்களா, தனித்தனியாகவா? தனியாக என்றால், வீட்டு ஆண்களிடம் என்ன சொல்லிச் சமாளித்தீர்கள்?

அப்புறம், பார்த்தது மனதில் நின்றதா என்று பரீட்சை மாதிரி தெரியாமல் எப்படிக் கேட்பது? நீங்கள் பயன்படுத்திய கேள்விகள் இருந்தால் இங்கேயே போடுங்கள். குரல்பதிவு இன்னும் முடியவில்லை, மாற்ற நேரம் இருக்கிறது.