மியூசியம் தியேட்டரா, சபா அரங்கா? சென்னையில் 90 நிமிட நாடகத்துக்கு எது தோது?

கேள்வி (புதுமேடை): வணக்கம். 7 நடிகர்கள், இரண்டு தட்டிச் சுவர், ஒரு கட்டில், அவ்வளவுதான் செட். 250 பேர் வரலாம். எழும்பூர் மியூசியம் தியேட்டரைப் பிடிப்பதா, மயிலாப்பூர், தி.நகர் பக்கம் சபா மினி ஹால் ஏதாவது எடுப்பதா? 1000 வாட்ஸ் பார் (PAR, டப்பா வடிவ மேடை விளக்கு) 12 வாடகைக்குச் சொல்லியிருக்கிறோம். மைக் தேவையா?

மறுமொழி (திரைக்குப்பின்): மியூசியம் தியேட்டர் 1896-லேயே வந்த கட்டடம், மைக் இல்லாத காலத்து அரங்கு. குரல் பழகிய நடிகர் என்றால் வெறுந்தொண்டையே பின் வரிசை வரை போகும். சிக்கல் வேறு இடத்தில். இருக்கைகள் அரைவட்டமாக ஏறுகின்றன. உங்கள் தட்டிச் சுவரை மேடையின் பக்கவாட்டில் நேராக நிறுத்தினால் ஓரத்தில் இருப்பவர்களுக்குப் பாதி மேடை போய்விடும். வெளிப்பக்கம் சாய்த்து வைத்து, இரண்டு பக்கத்துக் கடைசி இருக்கைகளிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டு இடத்தைக் குறியுங்கள். 250 பேர் என்றால் மேல் வரிசைகளைக் கயிறு கட்டி மூடிவிடுங்கள். சிதறி உட்கார்ந்தால் சிரிப்பே எழாது.

மினி ஹாலில் பெரும்பாலும் தரை சமதளம். கட்டிலில் படுத்தபடி வசனம் இருந்தால் நாலாவது வரிசைக்கு நடிகர் தெரியமாட்டார். மார்கழியில் சபா கிடைக்கும் என்று கனவு காணாதீர்கள், காலை முதல் இரவு வரை கச்சேரிதான். வாடகை நேரத்தில் செட் போடுவதும் பிரிப்பதும் சேர்த்தியா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மறுமொழி (டிம்மர்மணி): 12 பார் என்றால் 12 கிலோவாட், 230 வோல்ட்டில் சுமார் 52 ஆம்பியர். சுவரில் இருக்கும் 16 ஆம்பியர் பிளக்கில் மூன்றுக்கு மேல் தாங்காது. த்ரீ ஃபேஸ் இருக்கிறதா என்று அரங்கின் எலக்ட்ரீஷியனிடமே கேளுங்கள், ஆபீஸில் கேட்டால் "எல்லாம் இருக்கு சார்" என்பார்கள். ஃபேஸுக்கு நாலாகப் பிரித்தால் தலா 17 ஆம்பியர் சொச்சம். பலரும் கோட்டை விடுவது நியூட்ரலில், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் பொது ஒயரில்: டிம்மரில் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வெளிச்சத்தைப் பாதியாகக் குறைக்கும்போது மூன்று ஃபேஸும் சமமாக இருந்தாலும் நியூட்ரல் சூடாகும். அந்த ஒயர் மெலிசாக இருக்கக் கூடாது.

சவுண்டுக்கு டிம்மருக்குப் போகாத தனி லைன் கேளுங்கள். டிம்மரோடு சேர்ந்தால் ஸ்பீக்கரில் "உர்ர்" என்று வரும். அதை நிறுத்த எர்த் பின்னை வெட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள். உயிரோடு விளையாட்டு, விடாதீர்கள். எல்இடி பார் எடுத்தால் 12-க்கும் 2 கிலோவாட் போதும். ஆனால் மலிவு சரக்கு, மெதுவாக அணையாமல் கடைசியில் படக்கென்று அணையும். குளிர்வெள்ளை வேண்டாம், மாநிற முகம் சாம்பலடிக்கும்.

புதுமேடை: நன்றி இருவருக்கும். மினி ஹால் என்றால் மைக்? காலர் மைக் 7 எடுக்க பட்ஜெட் இல்லை.

மறுமொழி (ஒலிப்பெட்டி): மேடை விளிம்பில் தரை மைக் மூன்று வையுங்கள். வாயிலிருந்து மைக் எவ்வளவு தூரமோ, மைக்குகளுக்கு இடையே அதன் மூன்று மடங்கு இருப்பது நல்லது. நெருக்கி வைத்தால் ஒரே குரல் இரண்டில் ஏறி, குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்கும். அடியில் மெல்லிய ஃபோம், மிக்ஸரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடித்தொனிக்கு வெட்டு. இல்லையென்றால் வசனத்தைவிடக் காலடிதான் உரக்கக் கேட்கும். ஸ்பீக்கர் மைக்குகளுக்கு முன்னால், சபையைப் பார்த்து நிற்க வேண்டும். பின்னால் போனால் ஸ்பீக்கர் சத்தமே மைக்கில் திரும்ப ஏறி ஊளைதான்.

தொங்கு மைக் கொடுப்பார்கள். சபா நாடகத்தில் எல்லாரும் வரிசைகட்டி நிற்கிறார்கள் என்று கிண்டல் செய்வோமே, அந்த மைக்கும் ஒரு காரணம்: அடியில் நின்றால்தான் குரல் ஏறும். கட்டிலை அதற்கு நேர் கீழே போடுங்கள். படுத்தபடி பேசுகிறவர் குரலைத் தரை மைக் பிடிக்காது.