காலாவதியான டாட் காம் டொமைன் 'ரிடெம்ப்ஷன் பீரியட்' நிலையில் உள்ளது: பேக்ஆர்டருக்குப் பணம் கட்டலாமா?

தறிமேடை:
வணக்கம். எங்கள் கைத்தறிச் சங்கத்தின் இணையதளம் சில வாரங்களாகத் திறக்கவில்லை. முதலில் விளம்பரங்கள் நிறைந்த ஒரு பக்கம் வந்தது. இப்போது அதுவும் வருவதில்லை. ஐகான் (இணையப் பெயர்களை ஒழுங்குபடுத்தும் உலக அமைப்பு) லுக்கப் பக்கத்தில் டொமைனின் பதிவு விவரத்தைத் தேடியபோது, பதிவு காலாவதியாகி ஒன்றரை மாதம் ஆகிவிட்டதும், நிலை 'ரிடெம்ப்ஷன் பீரியட்' என்பதும் தெரிந்தது. தளத்தை வடிவமைத்துக் கொடுத்தவரே தம் கணக்கில் டொமைனையும் வாங்கியிருந்தார். அவர் இப்போது இந்தத் தொழிலில் இல்லை. 'பேக்ஆர்டர்' (முன்பதிவு) செய்தால், பெயர் விடுபட்டதும் அதைப் பிடித்துத் தருவதாக வேறொரு நிறுவனம் சொல்கிறது. அதை நம்பிப் பணம் கட்டலாமா?

வேர்வழங்கி:
இப்போதைக்கு வேண்டாம் ஐயா. டாட் காம் பெயர் காலாவதியான பிறகு, அதிகபட்சம் 45 நாள்கள் வரை ரெஜிஸ்ட்ரார் (டொமைனைப் பதிவு செய்து விற்கும் நிறுவனம்) அதை வைத்திருந்து வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்க இடம் கொடுக்கலாம். அதற்குள் ஏலத்துக்கு விட்டுவிடுபவர்களும் உண்டு. உங்கள் பெயர் அந்தக் கட்டத்தைத் தாண்டி, நீக்கப்பட்டு, 'ரிடெம்ப்ஷன் பீரியட்' என்னும் 30 நாள் மீட்புக் காலத்தில் நிற்கிறது. இந்த 30 நாள்களில் அதை மீட்கும் உரிமை பழைய உரிமையாளருக்கு மட்டுமே உண்டு. அதுவும் பெயர் இருக்கும் ரெஜிஸ்ட்ரார் வழியாகத்தான். இதன்பின் வரும் 'பெண்டிங் டெலீட்' என்னும் 5 நாள்களில் எவராலும் எதுவும் செய்ய இயலாது. பேக்ஆர்டருக்கு வேலை வருவது அதற்கும் பிறகுதான். அப்போதும் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மீட்புக் கட்டணம் புதுப்பிப்புக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு இருக்கும். அதை ரெஜிஸ்ட்ரார் தன் தளத்தில் வெளியிட்டிருக்க வேண்டும் என்பது 2013 முதல் ஐகானின் விதி. லுக்கப்பில் 'அப்டேட்டட்' என்ற வரியில் உள்ள தேதி, பெரும்பாலும் மீட்புக் காலம் தொடங்கிய நாளாக இருக்கும். அதிலிருந்து 30 நாள்களை எண்ணிக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை:
மேலே சொன்னது சரி. ஆனால் இங்கே முடிச்சு கணக்கு யாருடையது என்பதில் இருக்கிறது. வடிவமைப்பாளரை எப்படியாவது தேடிப் பிடியுங்கள். அவர் உள்நுழைந்து பணம் கட்டினால் போதும். அவர் கிடைக்காவிட்டால், பதிவு சங்கத்தின் பெயரில் இருக்கும்பட்சத்தில், சங்கப் பதிவுச் சான்றையும் பழைய ரசீதுகளையும் இணைத்து ரெஜிஸ்ட்ராருக்கு எழுதலாம். அவருடைய சொந்தப் பெயரிலேயே பதிவாகியிருந்தால் ரெஜிஸ்ட்ரார் உங்களுக்கு இணங்க மாட்டார். இன்னொன்று: கணக்கின் மின்னஞ்சல் இதே டொமைனில் இருந்தால், கடவுச்சொல் மாற்றும் கடிதம் வந்து சேராது; பெயரே இயங்காதபோது அஞ்சல் மட்டும் எப்படி இயங்கும்? சங்கத்தின் வங்கிக் கணக்கும் ஜிஎஸ்டி கணக்கும் அந்த முகவரியில் இருந்தால் உடனே மாற்றுங்கள். பெயர் கைமாறினால், வாங்கியவர் உங்கள் முகவரியையே உருவாக்கி ஓடிபி பெற்றுவிட முடியும்.

தறிமேடை:
இருவருக்கும் நன்றி. வடிவமைப்பாளர் திருப்பூரில் இருக்கிறார், தொலைபேசியில் பேசிவிட்டேன். தம் அட்டையில் தானியங்கிப் புதுப்பிப்பு வைத்திருந்ததாகவும், அது ஏன் தவறியது என்று தெரியவில்லை என்றும் சொல்கிறார். இன்று மாலை பணம் கட்டச் சம்மதித்திருக்கிறார்.

வேர்வழங்கி:
ரெஜிஸ்ட்ரார் வெளிநாட்டு நிறுவனமா என்று கேளுங்கள். 2021 அக்டோபர் 1 முதல், ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் (அட்டையில் தானாகப் பணம் எடுக்க முன்கூட்டியே தரும் ஒப்புதல்) விதிப்படி பதிவு செய்யப்படாத தொடர் கழிப்புகளை இந்திய வங்கிகள் ஏற்பதில்லை. அப்படித் தடைபட்ட புதுப்பிப்புகள் ஏராளம். பணம் கட்டியதும் நிலை 'பெண்டிங் ரிஸ்டோர்' என்று மாறும். ரெஜிஸ்ட்ரார் 7 நாள்களுக்குள் மீட்பு அறிக்கையைத் தராவிட்டால் பெயர் மீண்டும் மீட்புக் கால நிலைக்கே போய்விடும். ஆகவே நிலை மாறும் வரை லுக்கப்பைப் பார்த்துக்கொண்டிருங்கள். பிறகு நேம் சர்வர்கள் (பெயரைத் தளம் இருக்கும் இடத்துக்கு வழிகாட்டுபவை) விளம்பரப் பக்கத்தைக் காட்டாமல் உங்கள் ஹோஸ்டிங்கைக் காட்டுகின்றனவா என்று சரிபார்த்துவிட்டு, டொமைனைச் சங்கத்தின் பெயரிலான கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள்.