நாதஸ்வரக்காரர் வரவில்லையாம்

சாந்தி அத்தை: எல்லாரும் பாருங்க. நாதஸ்வரக்காரர் இப்பதான் போன் பண்ணினார். ஞாயிறு வர முடியாதாம். அதே முகூர்த்தத்துக்கு ஈப்போவில் ஒத்துக்கொண்டாராம்.

கோபால் மாமா: முன்பணம்?

சாந்தி அத்தை: அதைக் கேட்காதீங்க

மலர் பெரியம்மா: நான் அப்பவே சொன்னேன், எங்க ஆளைப் போடுங்கன்னு

பாபு: அத்தை, என்னிடம் ஏபிள்டன் லைவ் இருக்கு, கணினியில் இசை ஓட்டும் மென்பொருள். கோயிலில் பதிவு செய்த மேளத்தைத் துண்டு துண்டாகக் கிளிப் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு கிளிப் முடிந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று ஃபாலோ ஆக்‌ஷனில் முன்கூட்டியே சொல்லிவிடலாம். மாப்பிள்ளை அழைப்பு பத்து நிமிடமா அரை மணியா என்று யாருக்குத் தெரியும், அதனால் 8 பார் (ஒரு பார் என்றால் நாலு தட்டு) துண்டுகள் நாலு வைத்து 'அதர்' என்று போட்டால் இப்போது வாசித்ததையே உடனே வாசிக்காமல் மாறி மாறி ஓடிக்கொண்டே இருக்கும். ஒரே டிராக்கில் அடுத்தடுத்து இருக்கும் கிளிப்புகளை அது ஒரே குழுவாக எடுத்துக்கொள்ளும், ஆகவே கெட்டி மேளத்துக்கு முன்னால் ஒரு ஸ்லாட்டை, அதாவது கிளிப் வைக்கும் கட்டத்தை, காலியாக விடணும், இல்லையென்றால் மாப்பிள்ளை வாசலில் நிற்கும்போதே கெட்டி மேளம் கொட்டிவிடும்.

கோபால் மாமா: 😂 நல்லதுதானே, சீக்கிரம் சாப்பிடலாம்

வசந்தி: வாழைமரம் யார் கொண்டுவருவது?

மலர் பெரியம்மா: தாலி கட்டும்போது ஐயர் கை காட்டுவார். உன் பெட்டிக்குக் கண் இருக்கா?

பாபு: அதை மட்டும் நானே அழுத்துவேன் பெரியம்மா. ஆனால் கிளிப்பைத் தாளத்தோடு சேர்த்துத் தொடங்க வைக்கும் குவாண்டைசேஷன் 1 பார் என்று இருந்தால் அழுத்தியதும் வராது, அடுத்த பார் தொடங்கும் வரை காத்திருக்கும். 80 பிபிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 80 தட்டு வேகத்தில், ஒரு பார் 3 விநாடி, அதற்குள் முதல் முடிச்சே விழுந்துவிடும். அந்தக் கிளிப்புக்கு மட்டும் குவாண்டைசேஷனை எடுத்துவிடுகிறேன்.

மலர் பெரியம்மா: ஒண்ணும் புரியலை

கோபால் மாமா: ரவி கல்யாணத்தில் சிடி சிக்கின மாதிரி ஆகாம இருந்தா சரி

ரவி: அதைப் போட்டது யார்னு சொல்லவா?

சாந்தி அத்தை: வேண்டாம்லா

வசந்தி: தைப்பூசத்துக்கு அடிக்கிற உறுமி பையன்களைக் கேட்டால்?

மலர் பெரியம்மா: கல்யாணத்துக்கு உறுமியா! பெண் வீட்டார் என்ன நினைப்பாங்க

சாந்தி அத்தை: பட்டர்வொர்த்தில் இன்னொரு தவில்காரரைக் கேட்டிருக்கேன், ராத்திரி சொல்றேன் என்கிறார். பாபு, நீயும் எதற்கும் தயாரா இரு.

பாபு: இருவரும் சேர்ந்து வாசித்தால் முடியாது அத்தை, அவர் வேகம் கூட்டுவார் குறைப்பார், லூப் அதே வேகத்தில்தான் போகும். தட்டித் தட்டி வேகத்தைச் சொல்லும் டேப் டெம்போவில் நான் தட்டிக்கொண்டே

சாந்தி அத்தை: சரி சரி

வசந்தி: வாழைமரம்???

கோபால் மாமா: மண்டபத்தில் பிளக் மேடைக்குப் பின்னாலதான் இருக்கு. நீட்டு வயர் யாரிடம்?

ரவி: என்னிடம் இருக்கு. கேட்கிறவங்க நேரில் வந்து கேட்டால் தருவேன்.

கோபால் மாமா: பாபு, நீ போய்க் கேள்