காலையில் போடும் குளோரின் பின்னேரமே காணாமல் போகிறது, என்ன செய்யலாம்?

நாவல_அப்பா:
வணக்கம். எங்கள் வீட்டு நீச்சல் தடாகம் 8 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், சராசரி ஆழம் 1.4 மீற்றர், அதாவது 45,000 லீற்றருக்குக் கிட்ட. பாவிப்பது 65% குளோரின் பவுடர். மழை விட்டு வெயில் ஏறியதிலிருந்து காலையில் 3 பி.பி.எம். (லீற்றருக்கு 3 மில்லிகிராம்) இருக்கும் குளோரின் பின்னேரம் நாலு மணிக்குப் பார்த்தால் பூச்சியம். பி.எச். 7.6, தண்ணீர் அடித்தளம் வரை தெளிவாகத்தான் இருக்கிறது. மட்டம் குறைந்தால் வீட்டுக் கிணற்றிலிருந்து நிரப்புகிறோம். பராமரிக்க வருகிற தம்பி பவுடரைக் கூட்டிப் போடச் சொல்கிறார், கடையில் டேப்லெட் போடச் சொல்கிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து இறங்குகிற நேரத்தில்தான் குளோரின் இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

வத்தளை_பூல்பாஸ்:
எந்த டெஸ்ட் கிட்? மஞ்சள் நிறம் வருகிற துளியென்றால் அது மொத்தக் குளோரினைத்தான் காட்டும், கிருமியைக் கொல்லுகிற தனிக் குளோரின் எவ்வளவு என்று தெரியாது. வெயிலில் குளோரின் அழியாமல் காக்கிற ஸ்டெபிலைசர் (சயனூரிக் அமிலம்) எவ்வளவு இருக்கிறது?

நாவல_அப்பா:
டி.பி.டி. கிட் அண்ணா, இளஞ்சிவப்பு நிறம் வரும், தனிக் குளோரினையே காட்டுகிறது. ஸ்டெபிலைசர் இதுவரை யாரும் அளந்து பார்க்கவில்லை.

கல்கிசை_அக்கா:
தயவு செய்து இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். குளோரின் பகலில் போகிறதா இரவில் போகிறதா என்று முதலில் பாருங்கள், ஏனென்றால் இரண்டுக்கும் மருந்து வேறு. ஸ்டெபிலைசர் இல்லாத தண்ணீரில் நேர் வெயில் பட்டால் ஒரு மணித்தியாலத்துக்குள் பாதிக் குளோரின் போய்விடும், கொழும்பு வெயிலுக்கு நாலு மணி வரை எதுவும் மிஞ்சாது. இரவில் வெயில் இல்லை, அப்போதும் குறைகிறதென்றால் தண்ணீருக்குள் ஏதோ ஒன்று அதைத் தின்கிறது என்று அர்த்தம்.

பொழுது பட்ட பிறகு 350 கிராம் பவுடரை வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள், உங்கள் தடாகத்துக்கு அது 5 பி.பி.எம். வரும். (வாளியில் தண்ணீர் முதலில், பவுடர் பிறகு, ஒருபோதும் மாற்றிச் செய்ய வேண்டாம்.) மோட்டரை ஓட விட்டு ஒரு மணித்தியாலம் கழித்து அளந்து எழுதி வையுங்கள், விடிய வெயில் படுவதற்கு முன் திரும்ப அளவுங்கள். இடையில் யாரும் இறங்கக் கூடாது. இரவில் குறைந்தது 1 பி.பி.எம்.முக்குள் என்றால் தண்ணீர் சுத்தம், அதற்கு மேல் என்றால் தேட வேண்டியதுதான். அடியில் கறுப்புப் புள்ளி உள்ள குழாயால் (மருந்து கலந்த மாதிரியை ஊற்ற ஊற்ற, ஸ்டெபிலைசர் இருந்தால் கலங்கிப் புள்ளி மறையும்) ஸ்டெபிலைசரையும் அளந்துவிடுங்கள்.

வத்தளை_பூல்பாஸ்:
அக்கா சொல்வது சரி. டேப்லெட் பற்றி ஒன்று. அதற்குள்ளேயே ஸ்டெபிலைசர் இருக்கிறது, அதனால் தொடக்கத்தில் நன்றாகத்தான் வேலை செய்யும். ஆனால் ஸ்டெபிலைசர் வெயிலில் அழிகிற பொருள் இல்லை, தண்ணீர் வெளியே போனால்தான் குறையும். டேப்லெட்டை மட்டும் நம்பினால் கூடிக்கூடி, பிறகு எவ்வளவு குளோரின் போட்டாலும் வேகம் இருக்காது. அதைவிட முக்கியம், உங்களிடம் இருக்கிற பவுடரையும் டேப்லெட்டையும் ஒரே வாளியில், ஒரே கரண்டியில் தொட விட வேண்டாம். இரண்டும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். வேலைக்கு வருகிற தம்பியிடமும் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

நாவல_அப்பா:
பார்த்தாயிற்று. இரவு 5, விடிய 2.5. ஸ்டெபிலைசர் குழாயை விளிம்பு வரை நிரப்பியும் புள்ளி தெளிவாகத் தெரிகிறது.

கல்கிசை_அக்கா:
அப்போ இரண்டு பிரச்சினையும் இருக்கிறது. புள்ளி மறையவே இல்லையென்றால் ஸ்டெபிலைசர் இல்லை என்றே எடுக்கலாம், மழைக்காலத்தில் தண்ணீர் நிரம்பி வழிந்தபோது போயிருக்கும். இரவில் 2.5 போவதற்குப் பாசியைத் தேடுங்கள்: தண்ணீருக்கடியில் இருக்கிற லைட்டைக் கழற்றி அதன் பின்பக்கம், ஏணிக் கால்கள், மேல்தண்ணீரை இழுக்கிற ஸ்கிம்மர் வாய். தெளிந்த தண்ணீரிலும் அங்கே வழுவழுவென்று பிடித்திருக்கும்.

கிணற்றிலும் எனக்குச் சந்தேகம். நம்முடைய வளவுகளில் கிணறும் மலசலகூடக் குழியும் கிட்டக்கிட்ட, அமோனியா கலந்திருந்தால் அது தன்னைப் போல எட்டுப் பத்து மடங்கு குளோரினைத் தின்னும். ஒரு கிராம் பவுடரை ஒரு லீற்றர் தண்ணீரில் கரையுங்கள். ஒரு 10 லீற்றர் வாளியில் கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றில் குழாய்த் தண்ணீர், ஒவ்வொன்றிலும் அந்தக் கரைசல் 100 மில்லிலீற்றர் விட்டால் 6.5 பி.பி.எம். அளவில் வரும். வீட்டுக்குள் மூடி வைத்து ஒரு மணித்தியாலத்தில் இரண்டையும் அளவுங்கள்.

நாவல_அப்பா:
குழாய்த் தண்ணீர் வாளியில் 6, கிணற்று வாளியில் 1 கூட இல்லை! லைட்டைக் கழற்றினால் பின்னால் பச்சையாகப் பாசி. கிணற்று இணைப்பைப் பூட்டிவிட்டேன். பாசியைத் தேய்த்துக் கழுவியாயிற்று, அடுத்து என்ன அக்கா?

கல்கிசை_அக்கா:
பி.எச். 7.2க்கு இறக்குங்கள். 1.35 கிலோ ஸ்டெபிலைசரைப் பழைய காலுறையில் கட்டித் தண்ணீர் திரும்பி வருகிற வாய்க்கு முன்னால் தொங்க விடுங்கள், 30 பி.பி.எம். வரும், ஆனால் கரைந்து டெஸ்டில் தெரியச் சில நாள் எடுக்கும். பிறகு குளோரினை 12க்கு ஏற்றி (மொத்தம் 830 கிராம் பவுடர், ஏற்கெனவே இருக்கிறதைக் கழித்துப் போடுங்கள்) அதே மட்டத்தில் பிடித்து வையுங்கள். இரவு இழப்பு 1க்குள் வரும் வரை விடக் கூடாது. 10க்கு மேலே டி.பி.டி. நிறம் வெளுத்து, பூச்சியம் போலக் காட்டலாம், அதனால் மாதிரியைப் போத்தல் தண்ணீருடன் சரிபாதி கலந்து அளந்து இரண்டால் பெருக்குங்கள். 5க்குக் கீழே இறங்கும் வரை பிள்ளைகள் வேண்டாம்.

நாவல_அப்பா:
இப்போது இரவில் அரை பி.பி.எம். தான் குறைகிறது. காலையில் 4 இருந்தால் பின்னேரம் 2 நிற்கிறது, பிள்ளைகள் இறங்கத் தொடங்கிவிட்டார்கள். பெரிய உபகாரம் அக்கா, அண்ணா. நல்லூர்த் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு யாழ்ப்பாணம் போவோம், அப்போது பூலை எப்படி விட்டுப் போவது?

வத்தளை_பூல்பாஸ்:
பூட்டிப் போட்டுவிட்டுப் போகாதீர்கள், குளோரின் இறங்கிய தடாகத்தில் நுளம்பு முட்டையிடும், டெங்குப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் குடம்பி கண்டால் வழக்குத்தான். மோட்டர் பகலில் ஓடட்டும். மிதக்கும் டப்பாவில் டேப்லெட் போட்டுவிட்டுப் போங்கள், கொஞ்ச நாளைக்கு அதனால் ஸ்டெபிலைசர் பெரிதாக ஏறாது. அந்த டப்பாவுக்குள் முன்பு பவுடர் போட்டிருக்கக் கூடாது. வந்ததும் ஸ்டெபிலைசரை அளந்து, 30க்குக் கீழே இருந்தால் குறைந்த அளவை மட்டும் சேருங்கள், ஒவ்வொரு 10க்கும் உங்களுக்கு 450 கிராம்.