அம்மாவுக்கு எடை குறைப்பு ஆபரேஷன் சரி வருமா?

பெருந்துறைக்காரன்:
அம்மாவுக்கு 52 வயது, 154 செ.மீ. உயரம், 104 கிலோ. இன்சுலின் போடுகிறார். மாடிப்படி ஏற மூன்று இடத்தில் நிற்கிறார். டாக்டர் ஸ்லீவ் (இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன்) செய்யலாம் என்கிறார். பயமாக இருக்குதுங்க.

கோபி வாசகர்:
பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் கணக்கு) 44 வருகிறதுங்க. 2022 சர்வதேச வழிகாட்டுதல்படி 35 இருந்தாலே பரிந்துரைக்கலாம். அம்மாவுக்குத் தாராளமாகப் பொருந்தும்.

பொள்ளாச்சி அக்கா:
தம்பி, நான் ஸ்லீவ் செய்து மூன்று வருடம் ஆகிறது. இரைப்பையில் முக்கால் பாகத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள், திரும்ப ஒட்ட முடியாது. முதல் மாதம் ஒரு டம்ளர் மோர் குடிக்க அரைமணி நேரம் ஆனது. இன்றைக்கும் அரிசிம்பருப்பு சாதம் சின்னக் கிண்ணத்தில் பாதிதான். பி12, இரும்புச்சத்து மாத்திரையை விடவே கூடாது. ஆனால் தோட்டத்தில் வரப்பு மேல் நடக்கிறேன், அது போதும் எனக்கு. அப்புறம், அம்மாவுக்கு நெஞ்செரிச்சல் உண்டா? ஸ்லீவ் அதைக் கூட்டிவிடலாம். அதற்குப் பதில் இரைப்பை பைபாஸ் (சாப்பாடு இரைப்பையின் பெரும்பகுதியைத் தாண்டிக் குடலுக்குப் போகும்படி செய்யும் ஆபரேஷன்) நல்லதா என்று கேளுங்க.

பெருந்துறைக்காரன்:
உண்டுங்க அக்கா, ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்வார். டாக்டரிடம் இதைச் சொல்லவே இல்லை. திங்கட்கிழமை கேட்கிறேன்.