தூண்டுதலும் கனவும்: ஓவியர் தன்னைப் பற்றி அரைப் பக்கம் எழுத வேண்டுமானால் என்ன எழுதுவது?

மைத்துளி கேட்கிறார்:

வணக்கம் நண்பர்களே. படப்புத்தகம் போடும் ஒரு பதிப்பகத்துக்கு மாதிரி ஓவியங்கள் அனுப்பியிருந்தேன். படங்கள் பிடித்திருக்கின்றன, உங்களைப் பற்றி அரைப் பக்கம் எழுதி அனுப்புங்கள் என்று பதில் வந்திருக்கிறது. யாரைப் பார்த்து வரைய வந்தீர்கள், ஓவியராக எப்படி வாழ ஆசைப்படுகிறீர்கள், இந்த இரண்டும் அதில் வர வேண்டுமாம். வரையச் சொன்னால் ராத்திரி முழுக்க உட்காருவேன். எழுதச் சொன்னால் கை ஓடவில்லை. எழுதிப் பார்த்ததெல்லாம் "இயற்கையே என் ஆசான், சிறு வயதிலிருந்தே வண்ணங்கள் மீது காதல்" என்ற ரகமாக வந்து நிற்கிறது. அதற்குக் கீழே யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும்.

அதனால் மனதில் இருப்பதை இங்கே அப்படியே கொட்டுகிறேன். எதை வைப்பது, எதைத் தூக்குவது என்று நீங்கள் சொல்லுங்கள்.

பிழைப்புக்கு நான் பாடநூல் படங்கள் வரைகிறேன். பூவின் நீள்வெட்டுத் தோற்றம், இதயத்தின் நான்கு அறைகள், மின்சுற்று. சூலகத்துக்கும் மகரந்தத்தாளுக்கும் கோடு இழுத்து, பெயர் எழுத இடம் விட வேண்டும். நிழல் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்த வேலையை நான் மட்டமாக நினைக்கவில்லை. ஒரு கோடு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதை அதுதான் கற்றுக்கொடுத்தது.

என்னைப் பிடித்து ஆட்டியவர் தாமஸ் பெவிக். இங்கிலாந்துக்காரர், 1753 முதல் 1828 வரை வாழ்ந்தவர். பாக்ஸ்வுட் என்ற கெட்டி மரத்தைக் குறுக்கே அறுத்து, அந்த வெட்டுமுகத்தில் உலோகம் செதுக்கும் உளியால் படம் செதுக்கினார். செதுக்கிய இடம் வெள்ளையாக விழும், விட்ட இடம் கருப்பாக. அச்செழுத்தின் உயரத்துக்கே கட்டையும் இருந்ததால் எழுத்தோடு சேர்த்தே அச்சடிக்க முடிந்தது. அவர் செதுக்கிய பறவைகளைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு உயிர், பறவையைப் பற்றி எழுதி முடித்த பிறகு பக்கத்தின் அடியில் மிஞ்சும் இடத்தில் அவர் வைத்த குட்டிப் படங்கள். பாலத்தில் போனால் சுங்கம் கட்ட வேண்டும் என்று ஒருவன் மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடக்கிறான். அவன் தொப்பி காற்றோடு போகிறது. மிச்சம் பிடித்த காசு தொப்பியில் போயிற்று. இத்தனையும் உள்ளங்கைக்குள் அடங்கும் படத்தில். இன்னொன்றில் ஒரு கிராமத்துக் காட்சி. அதன் மேல் மை விரல் தெரியாமல் பட்டுவிட்ட மாதிரி தன் கட்டைவிரல் ரேகையை வரி வரியாகச் செதுக்கி வைத்திருக்கிறார். யாரும் கேட்காத இடத்தில், யாரும் கேட்காத வேலை!

அப்புறம் ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய். எழுபது வயதுக்கு முன் வரைந்த எதுவும் பொருட்படுத்தத் தக்கதில்லை என்று சொன்ன மனிதர். ஓவியப் பித்துப் பிடித்த கிழவன் என்று தனக்கே பெயர் வைத்துக் கையெழுத்துப் போட்டவர். அவரையும் சேர்க்கலாம் என்றிருக்கிறேன்.

கனவு என்றால் இரண்டு. ஒன்று, ஒரு சொல்லும் இல்லாத படப்புத்தகம். அடுக்குமாடி வீட்டின் மாடிப்படி, ஒரே கோணம், ஒரு நாள். பார்ப்பவரின் கண் தரை மட்டத்தில் இருக்கும். அதனால் மனிதர்கள் முழங்கால் வரைதான் தெரிவார்கள். செருப்பையும் நடையையும் வைத்து இன்னார் என்று படிக்கிற பிள்ளை கண்டுபிடிக்க வேண்டும். ஒரு ஜோடிக் கால் காலையில் இறங்கிப் போகும்; கடைசிப் பக்கத்துக்கு முன்னால் வரை திரும்பாது.

இரண்டாவது, ஒரு மேசை. சாப்பாட்டு நேரம் வந்தால் ஒழித்துக் கொடுக்க வேண்டாத மேசை. காய்வதற்கு வைத்த தாள் மறுநாளும் அங்கேயே இருக்க வேண்டும். காலையில் எனக்காக வரைந்துவிட்டு, மதியம் பிழைப்புக்கு வரைய வேண்டும். இதையெல்லாம் ஒரு பதிப்பாசிரியருக்கு எழுதினால் சிரிப்பாரா?

பழைய நிப்பு:

வணக்கம் அம்மா. பதிப்பகங்களோடு பல வருடம் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். ஹொகுசாயை எடுத்துவிடுங்கள். மகா கலைஞர், மறுப்பில்லை. ஆனால் இந்த மாதிரிக் குறிப்புகளில் பாதிக்குப் பாதி அந்த எழுபது வயது வாசகம் வந்துவிடும். படிக்கிறவர் அந்த வரியைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விடுவார். பெவிக்கின் கட்டைவிரலை வையுங்கள். அதைப் படித்தவர் இந்தப் பெண் எதைக் கவனிக்கிறவர் என்று தெரிந்துகொள்வார். அவருக்கு வேண்டியது அதுதான். உங்களுக்கு யாரைப் பிடிக்கும் என்ற பட்டியலை வைத்து அவர் என்ன செய்வார்?

பாடநூல் வேலையை முதல் வரியிலேயே போடுங்கள். சொன்ன அளவில், சொன்ன தேதிக்கு, திருத்தத்துக்கு முகம் சுளிக்காமல் வரைகிறவர் என்று அதிலேயே புரிந்துவிடும். ஆர்ட் டைரக்டர்கள் திறமைக்குப் பஞ்சம் என்று அழுது நான் பார்த்ததில்லை. தேதிக்குத்தான் அழுவார்கள்.

மாடிப்படிதான் உங்கள் சரக்கு. ஆனால் அதை இன்னும் கணக்காக யோசியுங்கள். படப்புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம். பெரிய தாளில் அச்சடித்து மடிக்கும்போது பக்கங்கள் எட்டும் பதினாறுமாகத்தான் வரும், அதனால் வந்த கணக்கு அது. தலைப்புப் பக்கம், உரிமைப் பக்கம் எல்லாம் போனால் கதைக்குக் கிடைப்பது சுமார் 12 முதல் 14 ஸ்ப்ரெட், அதாவது விரித்தால் எதிரெதிரே தெரியும் இரண்டிரண்டு பக்கங்கள். ஒரு நாளை அதற்குள் அடைக்க வேண்டும். காலையில் போன கால் எந்த ஸ்ப்ரெட்டில் போகிறது, எதில் நாம் அதை மறக்கிறோம், எதில் திடீரென்று நினைவுக்கு வருகிறது? சொல் இல்லாத புத்தகத்தில் பக்கம் புரட்டுவதுதான் வாக்கியம். தாளை மடித்து, உள்ளங்கை அளவில் பென்சிலால் ஒரு டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம் செய்யுங்கள். குச்சி குச்சியாகக் கால் வரைந்தால் போதும். ஒரே கோணம் என்பதால் ஏழாவது ஸ்ப்ரெட் வாக்கில் அலுப்புத் தட்டும். அங்கே வெளிச்சத்தை மாற்றுவதா, விளக்கையே அணைப்பதா என்று அப்போதுதான் முடிவு செய்ய முடியும். டம்மி கையில் இருந்தால் "ஒரு புத்தகம் வைத்திருக்கிறேன்" என்று எழுதலாம். கனவு என்ற சொல்லே தேவைப்படாது.

மேசையைப் பற்றி எழுத வேண்டாம். அது உங்கள் வீட்டு விஷயம்.

கோணல் கோடு:

நிப்பு சார் சொன்னதில் மேசை விஷயம் தவிர எல்லாம் சரி. மேசையை நான் வைப்பேன். அந்தக் குறிப்பில் மனுஷ வாசனை அடிக்கிற ஒரே வரி அதுதான்.

ஆனால் மைத்துளி, "காலையில் எனக்காக, மதியம் பிழைப்புக்கு" என்று எழுதியதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. முழுநேரமும் படம் வரைந்தே சாப்பிடுகிறவன் நான். காலை மின்னஞ்சலுக்குப் போகும். மதியம் இன்வாய்ஸ், அதற்கு நினைவூட்டல், நினைவூட்டலுக்கு நினைவூட்டல். அப்புறம் திருத்தம். ஒரு கிளையன்ட் நரி படத்தைப் பார்த்துவிட்டு "நரி கொஞ்சம் நல்ல குடும்பத்து நரியாக இருக்கட்டுமே" என்றார். அவர் என்ன நினைத்துச் சொன்னார் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. வாலைச் சீவிவிட்ட மாதிரி வரைந்து அனுப்பினேன், உடனே ஒத்துக்கொண்டார்.

பாடநூல் வேலையை விட்டுவிடும் எண்ணம் இருந்தால் அவசரப்படாதீர்கள். ஆர்தர் ராக்கம், அந்த முறுக்கிய மரங்களும் விரல் நீண்ட வேர்களும் வரைந்தவர், 18 வயதில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தவர்தான். வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாக ஓவியப் பள்ளிக்குப் போனார். 1892-இல்தான் அந்த வேலையை விட்டார், அதுவும் ஒரு பத்திரிகையில் படம் வரையும் வேலைக்கு. தேவதைகளும் குள்ளர்களும் அதற்குப் பிறகு வந்தவர்கள்.

மாதச் சம்பளம் வருகிறவருக்கு ஒரு வசதி உண்டு. பிடிக்காத நரியை வரைய மாட்டேன் என்று சொல்லலாம். எனக்கு அந்த வசதி இல்லை.

வெள்ளைக்கோடு:

கனவைப் பற்றி மற்றவர்கள் பேசிவிட்டார்கள். நான் கோட்டைப் பற்றிப் பேசுகிறேன்.

பெவிக் பிடிக்கும் என்கிறீர்கள். ஆனால் உங்கள் மாதிரி ஓவியங்கள் வெள்ளைத் தாளில் கருப்புக் கோடாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். பாடநூல் கை அப்படித்தான் பழகியிருக்கும். பெவிக் செய்தது தலைகீழ். முழுக் கருப்பில் தொடங்கி வெளிச்சத்தைச் செதுக்கி எடுத்தார். மாடிப்படிக்கு அதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தோன்றவில்லை. படியின் விளிம்பில் விழும் வெளிச்சம் ஒரே ஒரு வெள்ளைக் கோடு. மிச்சமெல்லாம் இருட்டு.

மரமும் உளியும் வேண்டும் என்பதில்லை. ஸ்க்ராட்ச்போர்டு கிடைக்கும். அட்டையில் வெள்ளைக் களிமண் பூச்சு, அதன் மேல் கருப்பு மை. கூரான முனையால் சுரண்டினால் வெள்ளை தெரியும். டேப்லெட்டில் வரைகிறவர் என்றால் ஒரு லேயரைக் கருப்பால் நிரப்புங்கள். பிரஷ்ஷைத் தொடாமல் அழிப்பானை மட்டும் வைத்து வரையுங்கள். முதலில் எரிச்சலாக இருக்கும். பாதத்தின் வெளிக்கோட்டை வரையப் போகும் கை நின்றுவிடும். வெளிக்கோடே கிடையாது, வெளிச்சம் பட்ட பக்கம் மட்டும்தான் என்று புரிய நேரம் எடுக்கும். புரிந்த பிறகு செருப்பின் வார் தனியாக, குதிகால் தனியாக இருட்டிலிருந்து வெளியே வரும்.

தூண்டுதல் பகுதியில் நம் நகைச்சுவைச் சித்திரக்காரர் கோபுலுவுக்கு இடமில்லையா? வசனமே இல்லாமல் சிரிப்பு வரவழைத்தவர். ஒருவர் நிற்கிற நிற்பிலேயே அவர் கடன் கேட்க வந்தவரா, கொடுத்துவிட்டுத் தவிக்கிறவரா என்று தெரிந்துவிடும். வலது கை முடங்கியதும் இடது கையால் வரையப் பழகிக்கொண்டவர். முகமே இல்லாமல் கால்களை வைத்துக் கதை சொல்லப் போகிறவர், உடம்பின் சாய்வை அவரிடம் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போகலாம்.

மைத்துளி:

எல்லோருக்கும் நன்றி. ஹொகுசாய் போய்விட்டார், மனமில்லாமல்தான். கோபுலு உள்ளே வந்துவிட்டார். அவரை எப்படி விட்டேன் என்று தெரியவில்லை. பக்கத்திலேயே இருப்பவர் கண்ணில் படுவதில்லை போல.

வெள்ளைக்கோடு, அழிப்பானை மட்டும் வைத்து ஒரு படி வரைந்து பார்த்தேன். எரிச்சல் என்று நீங்கள் சொன்னது ரொம்பக் குறைவு. ஆனால் ஒரு குதிகால் வந்தது. வெடிப்பு விழுந்த குதிகால். வெள்ளைத் தாளில் அந்த வெடிப்பை வரைந்திருந்தால் அழுக்கு மாதிரி தெரிந்திருக்கும். கருப்பில் அது வயதாகத் தெரிகிறது.

இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

"பாடநூல்களுக்குப் படம் வரைகிறேன். ஒரு மாடிப்படியில் ஒரு நாள் முழுக்க ஏறி இறங்கும் கால்களைப் பற்றிச் சொல் இல்லாத புத்தகம் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருக்கிறேன். பென்சில் டம்மி தயாராகிறது. பக்கத்தின் அடியில் மிஞ்சிய இடத்தில் தன் கட்டைவிரல் ரேகையைச் செதுக்கி வைத்த தாமஸ் பெவிக்கும், வசனம் இல்லாமல் சிரிக்க வைத்த கோபுலுவும் எனக்குப் பிடித்தவர்கள். கேட்டதை ஒழுங்காக வரைந்து கொடுத்துவிட்டு, கேட்காத ஒன்றை ஓரத்தில் வைக்கவும் இடம் கிடைக்கும் வேலைகளைத் தேடுகிறேன். சாப்பாட்டு நேரத்தில் ஒழித்துக் கொடுக்க வேண்டாத ஒரு மேசையும் வேண்டும்."

மேசை இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டேன், நிப்பு சார் மன்னிக்க வேண்டும். ஒரே ஒரு சந்தேகம். புத்தகத்தின் ஏதாவது ஒரு படியில் என் கட்டைவிரல் ரேகையை ஒளித்து வைக்கலாமா? அது அவரிடமிருந்து திருடியது ஆகிவிடுமா?

பழைய நிப்பு:

மேசை இருக்கட்டும், அந்த இடத்தில் நன்றாகத்தான் உட்கார்ந்திருக்கிறது.

கட்டைவிரல் வேண்டாம். திருட்டு என்பதற்காகச் சொல்லவில்லை. உங்கள் புத்தகத்தில் ஒரு கை கூட இல்லையே, விரல் ரேகை எங்கிருந்து வரும்? ஈரக்காலோடு யாராவது ஏறிப் போகட்டும். அந்தத் தடம் உங்களுடையதாக இருக்கட்டும்.

குறிப்பை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். இன்னொரு நாள் வைத்திருந்தால் ஹொகுசாய் திரும்பி வந்துவிடுவார்.