இரத்த வகை பற்றித் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து எழுதுகிறேன். தங்கச்சியின் மகனுக்குக் காய்ச்சல் வந்து இரத்தம் சோதித்ததில் ஓ பொசிட்டிவ் என்று வந்தது. தங்கச்சியும் ஓ. ஆனால் மச்சான் கொழும்பில் வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த அட்டையில் ஏபி. அவ்வளவுதான், பீலிக்கரையில் பேச்சு தொடங்கிவிட்டது. மாமியார் பேரனைத் தூக்குவதைக்கூட நிறுத்திவிட்டார்.

ஏபி உள்ள தகப்பன் பொதுவாகப் பிள்ளைக்கு ஏ அல்லது பி ஒன்றைத்தான் கொடுப்பார். ஓ பிள்ளை பிறப்பது அரிதிலும் அரிது. அது எனக்கும் தெரியும். எனக்குச் சந்தேகம் அட்டை மேல்தான். பேனாவால் எழுதியது, மழையில் நனைந்தது. ஏ-க்குப் பக்கத்தில் இருப்பது பி-யா, மைக்கறையா என்றே சொல்ல முடியவில்லை. மச்சான் வெறும் ஏ என்றால் சிக்கலே இல்லை, அவருக்குள் மறைந்திருக்கும் ஓ பிள்ளைக்குப் போயிருக்கலாம். (இதை மாமியாருக்கு விளங்கப்படுத்துவது வேறு கதை.)

ஹட்டன், நுவரெலியா பக்கம் நம்பி மறுபடி சோதிக்க நல்ல இடம் எது? இப்படி அட்டை பிழைத்த அனுபவம் யாருக்காவது உண்டா? அப்புறம், இரத்த வகை "இவர் தகப்பன் இல்லை" என்று காட்டலாமே தவிர "இவர்தான்" என்று சொல்லாது. டீஎன்ஏ சோதனைக்கு எவ்வளவு முடியும்? மச்சான் மட்டும் "ஒன்றும் வேண்டாம், அவன் என் மகன்" என்கிறார்.